கூலண்ட் டப்பாவுல டீ கலர் கலங்கல்: துருவா, ஆயிலா?

குளச்சல்காரன்:
1.3 டீசல் வண்டி. கூலண்ட் டீ கலர்ல கலங்கிக் கிடக்கு, மேல லேசா வழுவழுப்பு. பழைய ஓனர் போர் தண்ணிதான் ஊத்தியிருக்காரு. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) சுத்தம். மெக்கானிக், இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல், அதான் ஹெட் கேஸ்கெட், போயிருச்சுங்கிறாரு. அதுக்கு முன்ன எதைப் பார்க்கணும்?

தக்கலை டீசல்:
ஹெட்டைக் கழத்த அவசரப்படாதீங்க அண்ணே. இன்ஜின் நல்லா ஆறின பிறகு மூடியைத் திறந்து, கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் எடுத்து ராத்திரி வையுங்க. அடியில செம்மண்ணா படிஞ்சா துரு. மேல மிதந்தா, இல்ல மூடிக்குள்ள பால்கோவா மாதிரி ஒட்டியிருந்தா ஆயில்.

ஆயில்னா முதல் சந்தேகம் ஆயில் கூலர், கூலண்டை வச்சு ஆயிலை ஆத்துற பாகம். ஓடும்போது ஆயில் பிரஷர்தான் கூடுதல், அதனால ஆயில் கூலண்ட் பக்கம் போகும். டிப்ஸ்டிக் சுத்தமா இருக்கிறதுல அதிசயமில்ல. கேஸ்கெட்னா ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலேயே கூலண்ட்ல குமிழி தொடர்ந்து வரும், ஹோஸ் சூடாகுறதுக்கு முன்னாலேயே கல்லா இறுகும். கூலண்ட்ல இன்ஜின் புகை கலக்குதான்னு பார்க்கிற பிளாக் டெஸ்ட் திரவம் நிறம் மாறினா உறுதி.

குளச்சல்காரன்:
பாட்டில்ல ரெண்டுமே இருக்கு! அடியில செம்மண், மேல ஆயில். குமிழி இல்ல.

மார்த்தாண்டம் ரேடியேட்டர்:
அப்போ ஆயில் கூலரை மாத்திட்டுத்தான் பிளஷ், அதாவது உள்ள கழுவுறது. முன்னால பண்ணினா காசு தண்ணியோட போகும்.

பாத்திர சோப்பு வேண்டாம், நுரைச்சு காத்து அடைக்கும். ஆயிலுக்குன்னே விக்கிற கூலிங் சிஸ்டம் கிளீனர் வாங்குங்க. ஹீட்டரை முழுச்சூட்டுல வச்சு, தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டுக்கு வழி விடுற வால்வு) திறந்து ரெண்டு ஹோஸும் சூடாகுற வரை ஓட்டி, ஆறவிட்டு இறக்குங்க. பிறகு டிஸ்டில்டு வாட்டர்ல தெளிவா வர்ற வரை அதையே திரும்பச் செய்யணும். பேட்டரிக் கடையில வாங்கும்போது ஆசிட் கேன் இல்லைன்னு லேபிளைப் பாருங்க. ஆயில் பட்டு ஊதி மெத்துன்னு ஆன ஹோஸை மாத்திருங்க, ரேடியேட்டர் மூடியையும்தான்.

கடைசியிலதான் பலரும் சறுக்குவாங்க. ரேடியேட்டர்ல இறக்கினாலும் இன்ஜின் பிளாக்குல தண்ணி தங்கும். மொத்தம் 6 லிட்டர், உள்ள 3 தங்குதுன்னு வையுங்க. பாதி தண்ணி கலந்தே வர்ற ரெடிமிக்ஸ் 3 ஊத்தினா 50 சதவீதம் 25 ஆயிரும். அதனால தண்ணி கலக்காத கான்சன்ட்ரேட் 3 லிட்டர் ஊத்துங்க, சரியா பாதிக்குப் பாதி. கொள்ளளவு மேனுவல்ல இருக்கும்.

குளச்சல்காரன்:
நம்மூர்ல உறைபனியா இருக்கு? 50 எதுக்கு?

தக்கலை டீசல்:
துருத் தடுப்பு மருந்து அதுலதானே வருது. கொதிநிலையும் கூடும். கடலோர போர் தண்ணியில உள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும், அதை இனி டாப்-அப்புக்குக்கூட தொடாதீங்க. கலரைப் பார்த்து வாங்காதீங்க, மேனுவல்ல சொன்ன வகைதான். வகை மாறிக் கலந்தா சிலது கொழகொழன்னு ஆகும்.

இறக்கின கூலண்டை ஓடையில விடாம கேன்ல மூடி வையுங்க. அதுல உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம். நாய், பூனை நக்கினா செத்துரும்.