பார்க்கிங்கில் குட்டியைக் கொடுக்கிறேன் என்கிறார், வாங்கலாமா?

மீனா_எடிசன்

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள். மூன்று வருடமாக மகளுக்கு ஒரே நாய்ப் பல்லவி. "அபார்ட்மென்டில் நாய் கூடாதாம்" என்று சொல்லியே காலத்தை ஓட்டினேன். போன நவம்பரில் டவுன்ஹவுஸ் வாங்கினோம், அந்தச் சாக்கும் போயிற்று.

அவள் தோழி வீட்டில் ஒரு கோல்டன்டூடில் இருக்கிறது, கோல்டன் ரெட்ரீவரும் பூடிலும் கலந்த நாய். பார்க்கக் கரடி பொம்மைதான். சோபாவில் ஒரு முடி கிடையாது. அன்றிலிருந்து அதுதான் வேண்டும் என்கிறாள். ஊரில் எங்கள் வீட்டு நாய் வாசலோடு சரி. மிச்சச் சோறு போடுவோம், நான் கண்ட நாய் வளர்ப்பு அவ்வளவுதான்.

பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் கவுன்டி பக்கம் ஒரு ப்ரீடரை, அதாவது குட்டி போடவைத்து விற்பவரைப் பிடித்திருக்கிறோம். எஃப்1பி குட்டி, அதாவது கால் பங்கு கோல்டன் ரெட்ரீவர், முக்கால் பங்கு பூடில். 2,400 டாலர். அடுத்த வாரம் எட்டு வாரம் முடிகிறது. கழுத்தில் பச்சை ரிப்பன் கட்டிய போட்டோ அனுப்பினார், மகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டாள். 500 டாலர் முன்பணத்தை இன்றே கட்டச் சொல்கிறார், திரும்பக் கிடைக்காது. "இவ்வளவு தூரம் நீங்கள் வரவேண்டாம், பாதி வழியில் ஒரு கடை பார்க்கிங்கில் கொண்டுவந்து தருகிறேன்" என்றும் சொன்னார். நல்ல மனுஷன் என்று நான் நினைத்தேன். கணவர் முகத்தைச் சுளிக்கிறார்.

இன்னொரு விஷயம். ஜூனில் மாமியார் தஞ்சாவூரிலிருந்து ஆறு மாதத்துக்கு வருகிறார். அவருக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். இந்த நாயால் அலர்ஜியே வராது என்று ப்ரீடர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பூச்சி_அப்பா

மீனா, பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் கணவர் முகம் சுளித்தது சரிதான்.

நான் ஹாரிஸ்பர்க்கில் இருக்கிறேன். 2019-ல் எங்கள் நாய் பூச்சியை இப்படி ஒரு பார்க்கிங்கில்தான் வாங்கினேன். வேன் கதவைத் திறந்தார், அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மனைவி கையில் கொடுத்தார், நான் கவரை நீட்டினேன். நாலு நிமிஷத்தில் முடிந்தது. காரில் ஏறிய பிறகுதான் கவனித்தோம், குட்டியின் பின்னங்கால் முடியெல்லாம் மஞ்சளாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது. கழிச்சல். மூன்றாம் நாள் வெட் (கால்நடை மருத்துவர்) பார்த்து ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி என்றார். அது குட்டிகளுக்கு வருவதுதான், மருந்தில் போய்விட்டது.

பதினொன்றாம் மாதம் படியேறும்போது இரண்டு பின்னங்காலையும் சேர்த்து வைத்து முயல் மாதிரித் தாவ ஆரம்பித்தான். நாங்கள் அதை வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிச் சிரித்தோம். எக்ஸ்ரே எடுத்தால், இடுப்பு மூட்டில் கிண்ணத்துக்கு ஆழமே இல்லை, பந்து பாதி வெளியே நிற்கிறது. அந்த வீடியோவை இப்போது என்னால் பார்க்க முடிவதில்லை.

எங்கள் பென்சில்வேனியா மாநிலத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. வாங்கி 10 நாளுக்குள் நோய் என்றோ 30 நாளுக்குள் பிறவிக் குறை என்றோ வெட் எழுதிக் கொடுத்தால் பணத்தையோ மாற்றுக் குட்டியையோ கேட்கலாம். பதினொன்றாம் மாதம் தெரிகிற இடுப்புக்கு அது எந்த மூலைக்கு?

பெண் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் என் பாட்டி சொல்வாள், தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்துவிட்டால் மகளை வீட்டில் போய்ப் பார்க்கவேண்டாம் என்று. பெண் விஷயத்தில் அது அநியாயம், நாய் விஷயத்தில் அப்படியே பொருந்தும். பச்சை ரிப்பனை மறந்துவிட்டுத் தாயைக் காட்டச் சொல்லுங்கள். அது இருக்கும் இடத்துக்கே போங்கள். ஆளைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா? படுக்கும் இடம் எப்படி நாறுகிறது? காட்டமாட்டேன் என்றால் அதுவே பதில்.

அடுத்தது காகிதம். ஓ.எஃப்.ஏ. என்றொரு அமைப்பு நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைப் பார்த்துத் தரம் போடுகிறது. எக்ஸலன்ட், குட், ஃபேர் மூன்றும் தேர்ச்சி. இறுதித் தரம் இரண்டு வயது முடிந்த பிறகே கிடைக்கும். தாய்க்கு ஒன்றரை வயதுதான் என்றால் அந்தச் சான்று இருக்கவே முடியாது. தாய், தகப்பன் இரண்டின் பதிவுப் பெயரையும் வாங்கி அவர்கள் தளத்தில் நீங்களே தேடுங்கள். இடுப்போடு முழங்கை, இதயம், கண் எல்லாம் பாருங்கள். "வெட் செக் ஆயிற்று" என்பார்கள். குட்டியின் நெஞ்சில் ஒரு வெட் ஸ்டெதஸ்கோப் வைத்தார் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை.

அப்புறம், இங்கே வருடத்துக்கு 26 நாயும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்குக் கென்னல் லைசென்ஸ், அதாவது நாய்ப் பண்ணை உரிமம் கட்டாயம். பண்ணைச் சோதனை அறிக்கைகள் மாநில வேளாண் துறைத் தளத்தில் கிடைக்கின்றன. பெயரைப் போட்டுப் பாருங்கள்.

மெல்பர்ன்_மூக்கடைப்பு

அலர்ஜி கேள்விக்கு மட்டும் நான். எனக்கே நாய் அலர்ஜி, அதனால் ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் தோண்டிப் பார்த்தவன்.

டூடில் கலப்பு பிரபலமானதே நான் இருக்கும் ஊரில்தான். 1989-ல் இங்கே வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் வேலை பார்த்த வாலி கான்ரன், ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். அவர் கணவருக்கு நாய் அலர்ஜி. ஈன்றவை மூன்று குட்டிகள். மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிச் சோதித்ததில் ஒன்றுதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. கவனியுங்கள், முதல் ஈற்றிலேயே மூன்றுக்கு ஒன்று! இப்படிக் கலந்ததற்காகக் கான்ரன் பின்னாளில் வருந்தியிருக்கிறார்.

காரணம் எளிது. தும்ம வைப்பது முடி இல்லை. நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதம், முக்கியமாக கேன் எஃப் 1 என்பது. முடி உதிராவிட்டாலும் நாய் நக்கும், தோல் உரியும். நெதர்லாந்தில் 2012-ல் வந்த ஆய்வில் பூடில், லாப்ரடூடில் போன்றவற்றின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் குறைவாக இல்லை என்று பார்த்தார்கள். எஃப்1பி ஆனாலும் உத்தரவாதம் கிடையாது.

உங்கள் மாமியார் வரட்டும். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மகளின் தோழி வீட்டில் இரண்டு மூன்று முறை உட்காரட்டும். இரண்டு மாதம் பொறுத்தால் குடி முழுகாது.

கத்தரிக்கோல்_ஸ்காபரோ

நான் கனடாவில் நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை செய்கிறேன். "முடி உதிராது" என்று கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். உதிராத முடி எங்கே போகும் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. அது உள்ளுக்குள்ளேயே நின்று சிக்குப் பிடிக்கும்.

போன கிழமை ஒரு டூடில் வந்தது. மேலே தடவினால் பஞ்சு. கழுத்துப் பட்டியைக் கழற்றி விரலை விட்டால் கம்பளி விரிப்பு மாதிரித் தோலோடு ஒட்டிக் கிடக்குது. காதின் பின்பக்கம், கமக்கட்டு, எல்லாம் அப்படித்தான். சிக்கோடு குளிக்க வார்த்திருக்கிறார்கள், அது இன்னும் இறுகிப் போச்சு. மொட்டை அடிப்பதைத் தவிர வழியில்லை. கூட்டிக்கொண்டு போக வந்த அம்மா அழுதே விட்டார்.

ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருக்கால் வெட்டவேணும். வீட்டில் பிரஷ் மட்டும் போதாது. நாங்கள் சின்ன வயதில் அம்மாவின் மடியில் தலையைக் கொடுத்தது மாதிரி, முடியை வகிடு வகிடாகப் பிரித்து, இரும்புச் சீப்பு தோல்வரை போகுதா என்று பார்க்கவேணும். குட்டியாக இருக்கும்போதே தினமும் இரண்டு நிமிஷம் பழக்குங்கள். ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் குட்டி முடி மாறும்போதுதான் எல்லோரும் தோற்றுப் போகிறார்கள்.

ராலே_ரகு

2,400 டாலரா? டூடில்களுக்கென்றே மீட்பு அமைப்புகள் இருக்கின்றன, ஷெல்டரிலும் (நாய்க் காப்பகம்) தேடலாம். வளர்ந்த நாய் என்றால் குணமும் இடுப்பும் கண்ணெதிரே தெரியும். ஏசுவதற்குச் சொல்லவில்லை, யோசியுங்கள்.

மீனா_எடிசன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவே ப்ரீடரைக் கூப்பிட்டேன். தாயைப் பார்க்க நாங்களே வருகிறோம் என்றதும் குரல் மாறியது. தாய் "வேறொரு பண்ணையில்" இருக்கிறதாம். பதிவுப் பெயர் கேட்டதற்கு வெட் செக் ஆன கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். பூச்சி அப்பா சொன்ன அதே வார்த்தை! இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது, ஒரு மணி நேரத்தில் சொல்லுங்கள் என்றார். சொல்லவில்லை. மகள் இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டாள். காலையில் தோசைக்கு மட்டும் எழுந்து வந்தாள்.

இப்போது வேறொருவரிடம் பேசியிருக்கிறோம். தாய்க்கு நான்கு வயது, தாய், தகப்பன் இரண்டையும் ஓ.எஃப்.ஏ. தளத்தில் நானே பார்த்தேன், இடுப்பு குட். குட்டிகள் அக்டோபரில்தான். அதற்குள் மாமியார் சங்கதியும் தெரிந்துவிடும். ரகு சொன்ன மீட்பு அமைப்பிலும் பெயர் கொடுத்திருக்கிறேன். எது முதலில் வருகிறதோ. கூட்டி வரும் நாளுக்கு என்ன தயார் செய்யவேண்டும்?

பூச்சி_அப்பா

நல்ல காரியம் செய்தீர்கள். ஒரு பழைய துண்டை முன்னாலேயே ப்ரீடரிடம் கொடுத்துத் தாயோடு போட்டுவைக்கச் சொல்லுங்கள். வீட்டில் கூண்டுக்குள் அதை விரியுங்கள். அவர்கள் போடும் தீனியையே ஒரு பை வாங்கி வந்து, மாற்றுவதென்றால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கார் கிளம்புவதற்கு முன் தீனி வேண்டாம், வாந்திதான். வழியில் ரெஸ்ட் ஏரியா புல்லில் இறக்கவே கூடாது. பதினாறு வாரத் தடுப்பூசி முடியும்வரை பார்வோ என்ற வைரஸ் நோய் பயம் உண்டு.

முதல் ராத்திரி கூண்டைச் சமையலறையில் வைத்து, "அழுது ஓயட்டும்" என்று விடாதீர்கள். கட்டில் பக்கத்தில் வையுங்கள். பூச்சி இரண்டு மணிக்கு ஊளையிட்டபோது கம்பி வழியே விரலை விட்டேன், அதை வாயில் கவ்விக்கொண்டே தூங்கிவிட்டான். நான் விடியும்வரை தரையில். மகளுக்கு லீவு நாளாகப் பார்த்து எடுங்கள், இந்த வேலையை அவளிடம் கொடுக்கலாம்.

மாமியாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பாயசத்து உலர்திராட்சை ஒன்றுகூடத் தரையில் விழக்கூடாது, நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெங்காயம் போட்ட சாம்பார் சாதமும் கூடாது. "பாவம், வாயைப் பார்க்குது" என்று ஊட்டுகிறவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். என் அம்மாவை நான் கையும் களவுமாகப் பிடித்தது தயிர்சாதத்தோடு, நல்லவேளை.