மறு: கிளட்ச் டிராக் – ‘இழுவை’ வேண்டாம், ‘விடாப்பிடி’ என்போமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் இங்கே அனுப்பிய பழுதறி அட்டவணையிலிருந்து ஒரு சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இன்ஜினையும் கியர்பெட்டியையும் இணைத்துப் பிரிப்பது கிளட்ச். பெடலை மிதித்தும் அது முழுதாகப் பிரியாத பழுதுதான் ‘கிளட்ச் டிராக்’. அதற்கு ‘கிளட்ச் இழுவை’ என்று எழுதியிருந்தேன். அகராதியைப் பார்த்தால் பிழையில்லை. ஆனால் அந்தச் சொல்லால் சங்ககிரியில் ஒரு கிளட்ச் பிளேட் கருகிவிட்டது.

அந்த அட்டவணையை என்னிடம் இருக்கும் பழைய அமெரிக்க ராணுவ லாரிக்காகத்தான் எழுதினேன். எம்35ஏ2, 2½ டன், பத்து டயர் வண்டி. டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் என எது ஊற்றினாலும் ஓடும் எல்டிடி-465 இன்ஜின். ஸ்பைசர் 3053ஏ கியர்பெட்டி, முன்னே ஐந்து கியர், ஐந்தாவது ஓவர்டிரைவ். இரண்டு முதல் ஐந்து வரை சிங்க்ரோ (பற்கள் சேருமுன் வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) உண்டு. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கிடையாது. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பழுதைக் கண்டுபிடிக்கும் வழியே அதில்தான் இருக்கிறது.

சித்தப்பா மகன் சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். அட்டவணையை அவனுக்கும் அனுப்பினேன். பாரம் ஏற்றிய ஒரு லாரி மேட்டில் ஏறவில்லை, இன்ஜின் மட்டும் அலறுகிறது என்று அவனிடம் வந்தது. பட்டறை மொழியில் “வண்டி இழுக்கல.” அவன் அட்டவணையில் ‘இழுவை’ என்ற வரியைத் தேடி எடுத்தான். பெடலின் ஃப்ரீ பிளேயை, அதாவது கிளட்ச் வேலை தொடங்குமுன் பெடல் சும்மா நகரும் தூரத்தைக் குறைக்கவும் என்று அங்கே இருந்தது. குறைத்தான். அந்த லாரிக்கு வந்திருந்ததோ கிளட்ச் ஸ்லிப். பிளேட் ஏற்கெனவே சரியாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டிருந்தது. ஃப்ரீ பிளேயையும் குறைத்தால் ரிலீஸ் பேரிங், பிளேட்டின் பிடியை விடுவிக்கும் விரல்களை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும், பிடி இன்னும் தளரும். மறுநாளே கருகல் வாசம்.

டிராக்கும் ஸ்லிப்பும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஸ்லிப் என்றால் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்கவில்லை. டிராக் என்றால் விட வேண்டிய நேரத்தில் விடவில்லை. ஒன்றுக்கு ஃப்ரீ பிளேயைக் கூட்ட வேண்டும், மற்றதற்குக் குறைக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் எதிர்ப்பக்கம் கைகாட்டுகிற சொல்லை வைத்தது என் தவறு. தமிழில் ‘இழுவை’ என்றதும் இழுக்கிற திறன்தான் மனதில் வரும். இழுவை வண்டி, இழுவைப் படகு என்று எல்லாமே அப்படித்தான். தேய்த்துக்கொண்டு கூடவே வருதல் என்ற பொருள் அந்தச் சொல்லில் பட்டறைக்காரர் காதுக்கு எட்டவே எட்டாது.

சரி, டிராக் என்பது உண்மையில் என்ன? என் வண்டியில் அதை எப்படிக் கண்டேன் என்று சொன்னால் சொல்லைத் தேடுவது எளிதாகும்.

ஏலத்தில் எடுத்தபோது வண்டி பல வருடம் புல்வெளியில் நின்றிருந்தது. இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் வெண்ணெய்போல விழுந்தன. அப்படியென்றால் பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க், ஷிஃப்ட் ரெயில் இவற்றைச் சந்தேகிக்க அவ்வளவு காரணமில்லை. இன்ஜினை ஓடவிட்டு, பெடலை அடிவரை மிதித்து, நியூட்ரலில் பத்து நொடி பொறுத்து ரிவர்ஸைத் தொட்டேன். ‘கர்ர்ர்’ என்று பல் அரைத்தது. அரை நிமிடம் பொறுத்துப் பார்த்தாலும் அதே சத்தம்.

அந்தப் பத்து நொடிதான் சோதனை. பிளேட் விடுபட்டிருந்தால், சுழற்சியைக் கியர்பெட்டிக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் தன் வேகத்தை இழந்து நின்றுவிடும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். பொறுத்த பிறகும் அரைக்கிறது என்றால் ஷாஃப்டை யாரோ இன்னும் சுழற்றிக்கொண்டிருக்கிறார்கள். ரிவர்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதில் சிங்க்ரோ இல்லை என்பதே. சிங்க்ரோ உள்ள கியரில் வளையம் குறுக்கே புகுந்து வேகத்தைச் சரிக்கட்டப் பார்க்கும், உண்மை மறைந்துவிடும்.

கோளாறு சிங்க்ரோவில் என்றால் கதை வேறு. ஓடும்போது ஒரே ஒரு கியர், பெரும்பாலும் மூன்றாவதோ இரண்டாவதோ, அதுவும் கீழே இறக்கும்போது மட்டும் அரைக்கும். மற்றவை ஒழுங்காக விழும். டபுள் கிளட்ச் அடித்தால் (நியூட்ரலில் பெடலை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்து மாற்றினால்) அந்த ஒன்றும் விழுந்துவிடும். எல்லா கியரும் சேர்ந்து அடம்பிடித்தால் பெட்டியைக் கழற்றாதீர்கள், முதலில் கிளட்சைப் பாருங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என் வண்டியைப் பார்த்த ஒரு கடைக்காரர் பெட்டியை இறக்கச் சொன்னார், நானும் ஜாக்கிகளை வாங்கிவிட்டிருந்தேன். பெட்டியில் எந்தக் குறையும் இல்லை.

எம்35ஏ2-வில் கிளட்சுக்கு ஹைட்ராலிக் கிடையாது, கம்பியும் நெம்புகோலும்தான். ஆகவே பெடலைப் பலமுறை அடித்துப் பார்த்துப் பயனில்லை. ஹைட்ராலிக் வண்டியில் அப்படி அடித்தால் கொஞ்சம் சரியாகும், காற்று புகுந்திருப்பது தெரிந்துவிடும். இங்கே தேய்ந்த புஷ்கள் பெடல் ஓட்டத்தில் பாதியைத் தின்றிருந்தன. மாற்றினேன், ஃப்ரீ பிளேயைச் சரிசெய்தேன். அரைப்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. மிச்சக் காரணம் துரு. நெடுநாள் நின்றதில் பிளேட், இன்ஜினோடு சுழலும் ஃபிளைவீலோடு ஒட்டியிருந்தது. இன்ஜினைச் சூடாக்கி அணைத்தேன். ஆளில்லாத திறந்த வயலில் கியரில் போட்டபடியே ஸ்டார்ட் செய்தேன். பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு அழுத்தி, இடையிடையே பிரேக்கும் பிடித்தேன். மூன்றாவது சுற்றில் ‘டங்’ என்று ஒரு சத்தம், பிளேட் விட்டது. ரிவர்ஸ் அப்போது விழுந்த அமைதியை இப்போது நினைத்தாலும் மனம் குளிர்கிறது.

பிளேட் ‘விட்டது.’ இந்த வினையை நான் யோசித்து எழுதவில்லை, தானாக வந்தது. அப்பாவின் பட்டறையிலும் இதே பேச்சுதான்: “கிளட்ச் விடல”, “பெடல மிதிச்சாலும் விடமாட்டேங்குது.” சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, பெயர்ச்சொல்லாக்குவது ஒன்றுதான் பாக்கி. ஆகவே முன்மொழிகிறேன்: விடாப்பிடி. விடாத பிடி. செல்லாக்காசு, வாடாமல்லி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.

ஸ்லிப்புக்கு ‘பிடிநழுவல்’. விடாப்பிடிக்கு இணையாக ‘நில்லாப்பிடி’ என்று எழுதிப் பார்த்தேன். ஓசை அழகுதான், ஆனால் எந்த மெக்கானிக்கும் அப்படிச் சொல்ல மாட்டார். விட்டுவிட்டேன். டபுள் கிளட்சுக்கு ‘இருமிதி’ போதும் என்று நினைக்கிறேன், அதில் வாதம் வேண்டாம்.

கிளட்ச் என்ற சொல்லை நான் தொடவில்லை. அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை ஏற்றாலும் விடாப்பிடி அதன் பக்கத்தில் நிற்கும்.

---



அன்பு நண்பருக்கு, தமிழாசிரியனாக ஒரு தயக்கம். விடாப்பிடி என்பது மனிதரின் குணத்தைச் சொல்லும் சொல். ‘விடாப்பிடியாக நின்றான்’ என்றால் மன உறுதி, சில இடங்களில் பிடிவாதம். கலைச்சொல்லுக்கு ஒற்றைப் பொருள் இருந்தால்தான் நல்லது. ‘விடுபடாமை’ என்று சொன்னால் குணம் நுழையாது, பொருளும் தெளிவு. இலக்கணத்திலும் குற்றமில்லை. அதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

---

அண்ணா, பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் எடுக்கிறேன். இன்னொரு சிக்கல். ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் இறுகிப்போனாலும் இதே அறிகுறிதான் வரும். அப்போது பிளேட் முழுதாக விட்டிருக்கும், பேரிங்தான் ஷாஃப்டைத் தன்னோடு சுழற்றும். பிளேட்டின் பிடியை வைத்துப் பெயரிட்டால் மாணவன் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பேரிங்கை விட்டுவிடுவான். ஒருவர் தனிமடலில் ‘ஒட்டல்’ என்றார், அதிலும் இதே குறை.

---

ஆசிரியர் ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

தம்பி சொன்னதை முதலில் எடுக்கிறேன், அதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. ‘ஒட்டல்’ வேண்டாம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அது துரு என்ற ஒரே காரணத்தைச் சொல்கிறது. கோணிய பிளேட், துருப்பிடித்த ஸ்ப்லைன் (ஷாஃப்டில் பிளேட் நகரும் பள்ளங்கள்), அதிகமான ஃப்ரீ பிளே, இறுகிய பைலட் பேரிங் எல்லாம் வெளியே போய்விடும்.

ஆனால் விடாப்பிடியில் பிடிபட்டிருப்பது எது? பிளேட் என்று நான் முதல் மடலில் எழுதிவிட்டேன், அது குறுகலான பார்வை. பிடிபட்டிருப்பது இன்புட் ஷாஃப்ட். பிடித்திருப்பது இன்ஜின். பிளேட் வழியாகப் பிடித்தாலும் பைலட் பேரிங் வழியாகப் பிடித்தாலும் ஷாஃப்டுக்கு விடுதலை இல்லை. பத்து நொடிச் சோதனையும் ஷாஃப்ட் நிற்கிறதா என்று மட்டுமே கேட்கிறது, யார் பிடித்தார்கள் என்று கேட்பதில்லை. வரையறையை இப்படி மாற்றுகிறேன்: “விடாப்பிடி – கிளட்ச் பெடலை முழுதாக மிதித்த பிறகும் இன்ஜினின் சுழற்சி கியர்பெட்டியின் இன்புட் ஷாஃப்டை விடாதிருத்தல்.” காரணங்கள் தனி வரிகளில் வரட்டும், பைலட் பேரிங் முதல் மூன்றுக்குள் இருக்கட்டும்.

ஐயா, ‘விடுபடாமை’ பிழையற்ற சொல் என்று ஏற்கிறேன். பாடநூலில் விளக்கமாக அதை எழுதலாம். ஆனால் தலைச்சொல்லாக வைத்தால் ஒரு இடர் உண்டு. ‘விடுபடுதல்’ என்பதற்குத் தவறிப்போதல் என்ற பொருளும் வழங்குகிறது. பட்டியலில் பெயர் விடுபட்டுவிட்டது என்கிறோம் அல்லவா? அதோடு, எண்ணெய்க் கையோடு வண்டிக்கு அடியில் கிடப்பவர் மேலே இருப்பவரிடம் கத்திச் சொல்ல வேண்டிய சொல் இது. “விடாப்பிடி!” என்று கத்தலாம். விடுபடாமையைக் கத்திப் பார்த்தேன், இன்ஜின் சத்தத்தில் கரைந்துபோகிறது.

குணத்தைச் சொல்லும் சொல் இயந்திரத்துக்கு ஆகாதா? லாரிக்காரர் பேச்சில் இன்ஜின் மூச்சு வாங்கும், பிரேக் காலை வாரும். கேட்பவர் யாரும் குழம்புவதில்லை. இங்கே குணப்பொருள் எதிர்ப்பக்கம் இழுக்கவும் இல்லை. பிடிவாதக்காரர் விட மாட்டார், இந்தக் கிளட்சும் விடாது. ‘இழுவை’யில் நடந்தது அதுவல்ல. அங்கே பழகிய பொருள் படிப்பவரைப் பழுதுக்கு நேர் எதிரே கொண்டுபோய் விட்டது. பழகிய பொருள் சரியான திசையில் இருந்தால் அது கலைச்சொல்லுக்குத் துணை என்றே எண்ணுகிறேன்.

சிங்க்ரோ இல்லாத பெட்டிகளுக்கும் சொல் பொருந்துகிறதா என்று தம்பி கேட்கக்கூடும். 1944-ல் பிரான்சில் போர்முனைக்கு ‘ரெட் பால்’ வழியில் சரக்கு ஏற்றி ஓடிய அமெரிக்க ராணுவ ஜிஎம்சி சிசிகேடபிள்யூ லாரிகளில் எந்த முன் கியருக்கும் சிங்க்ரோ கிடையாது. அவற்றில் விடாப்பிடி வந்தால் ரிவர்ஸில் மட்டுமல்ல, ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கை உணரும். இருமிதி போட்டும் பல் சேராது. சொல் அங்கே இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.

நேற்றிரவு சங்ககிரிக்கு அழைத்தேன். எதையும் விளக்காமல், “கிளட்ச் விடாப்பிடின்னா என்னடா செய்வ?” என்று மட்டும் கேட்டேன். “ஃப்ரீ பிளே அதிகமா இருக்கான்னு பாப்பேன்ணே” என்றான்.

அட்டவணையின் திருத்திய பிரதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். பழைய பிரதியை யாருக்காவது கொடுத்திருந்தால் ‘இழுவை’ வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். நீண்ட நாள் வண்டியை நிறுத்தப் போகிறவர்களுக்கு, பெடலைக் கட்டையால் முட்டுக் கொடுத்து அழுத்தி வைக்கும்படி ஒரு வரி புதிதாகச் சேர்த்திருக்கிறேன். ஐயா, அந்தப் பிரதியில் ‘விடாப்பிடிச் சோதனை’ என்று ஒற்று இட்டுத்தான் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.