கோ பங்கான் முழுநிலவு பார்ட்டிக்குப் போனவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து நானும் கூட்டாளியும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு தாய்லாந்தின் கோ பங்கான் தீவுக்குப் போக யோசிக்கிறோம். ஹாட் ரின் கடற்கரையில் நடக்கும் முழுநிலவு பார்ட்டிதான் குறி. இங்கே இலங்கையில் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை என்றால் சாராயக்கடைக்குப் பூட்டு, அங்கே அதே நிலவுக்கு விடியும்வரை ஆட்டம்! ஆனால் வெசாக் மாதிரிப் பெரிய பௌத்த நாளில் பௌர்ணமி வந்தால் அங்கும் பார்ட்டியின் திகதியை மாற்றிவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் டிக்கெட் போட வேண்டும்.

தீவில் விமான நிலையம் இல்லை. பக்கத்துக் கோ சமுய்க்குப் பறக்கலாம், எங்கள் காசுக்கு அது சரிவராது. பாங்கொக்கிலிருந்து இரவு ரயிலில் சூரத் தானி, அப்புறம் பஸ்ஸில் டொன்சாக் துறை, அங்கிருந்து படகு என்று யோசனை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் எடுப்பது நல்லதா, தனித்தனியாகவா? ரயில் பிந்தினால் படகு என்னாகும்?

மற்றது தங்குமிடம். ஹாட் ரினிலேயே தங்கினால் நடந்து போய் வரலாம், ஆனால் நித்திரை கிடைக்காது. தீவின் துறைமுக ஊரான தொங் சாலா பக்கம் என்றால் விடியற்காலையில் திரும்பி வர வாகனம் பிடிக்கலாமா? ஸ்கூட்டர் வேண்டாம், கூட்டாளி குடிப்பான், எனக்கு ஓடத் தெரியாது. ஆடப் போகும்போது பாஸ்போர்ட்டை எங்கே வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள் அண்ணாமாரே, அக்காமாரே.