‘அடச் சண்டாளா’ என்று ஆச்சி திட்டினால் அது சாதிச் சொல்லா?

தாமிரபரணி:
என் சிறுகதை ஒன்றில் பேரன் பால் சொம்பைக் கவிழ்த்துவிடுகிறான். ஆச்சி, “அடச் சண்டாளா, கறந்த பால் பூராவும் போச்சே” என்கிறாள். இதழாசிரியர் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்து, ‘சாதிப் பெயர், வேறு போடுங்கள்’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். எங்கள் பக்கம் எல்லா ஆச்சிகளும் எல்லாப் பேரன்களையும் இப்படித்தான் திட்டினார்கள். தாத்தா இறந்தபோது ஆச்சி மாரில் அடித்துக்கொண்டு, “பாவி சண்டாளி நான் இருக்கேனே, உன்னத் தூக்கிட்டுப் போறாங்களே” என்று அழுததைப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். தன்னைத்தானே யாராவது சாதி சொல்லித் திட்டிக்கொள்வார்களா? கொடுமைக்காரன், பாவி என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் இல்லை.

கரிசல்காடு:
நல்ல தமிழ்ச் சொல்தானே? சண்டை + ஆள். சண்டைக்கு நிற்கிறவன் சண்டாளன். இதில் சாதி எங்கே வந்தது?

சொல்லேர்:
கரிசல்காடு, சண்டையும் ஆளும் சேர்ந்தால் ‘சண்டையாள்’ என்றுதான் வரும். நடுவில் யகரம் வராமல் போகாது. இது வடமொழிச் சொல். மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயத்தில் விவரமாகவே இருக்கிறது: சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தவர் சண்டாளர். ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், செத்தவர் துணியை உடுத்த வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியா வந்த சீனத் துறவி பாஹியானும் எழுதியிருக்கிறார், சண்டாளர்கள் நகருக்குள் வரும்போது கட்டையைத் தட்டிக்கொண்டே வர வேண்டும் என்று. சத்தம் கேட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள!

தாமிரபரணி:
சரி, வேர் அதுதான் என்றே வைத்துக்கொள்வோம். ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணம். இன்று மல்லிகை நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள். வேரை வைத்து ஆச்சியைக் கூண்டில் ஏற்றினால் யாருமே வாய் திறக்க முடியாது.

கிழக்குத்தெரு:
நாற்றத்தின் பொருள் மாறியது, ஒப்புக்கொள்கிறேன். இந்தச் சொல்லின் பொருள் மாறவில்லை, அண்ணே. ‘இந்த மக்கள்’ என்ற பெயரே ‘கொடியவன்’ என்று ஆகிவிட்டது. அதைத்தான் நீங்கள் மாற்றம் என்கிறீர்கள்.

ஆறாம் வகுப்பில் எங்கள் கணக்கு வாத்தியார் எல்லாரையும் ‘சண்டாளப் பயலே’ என்பார். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒருநாள் என் நோட்டைத் தூக்கிப் போட்டு என்னைச் சொன்னார். கடைசி பெஞ்சில் ஒருவன் மெதுவாக, “சார் கரெக்டாத்தான் சொல்றாரு” என்றான். வகுப்பே சிரித்தது. வாத்தியார் அதைக் காதில் வாங்காதது போல போர்டு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சொல்லில் சாதி இல்லை என்றால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது?

கறுப்புக்கோட்டு:
சட்டம் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்கிறேன். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியலில் ‘சண்டாளா’ என்றே ஒரு பெயர் இருக்கிறது. ஆகவே சாதிப் பெயரே இல்லை என்று வாதாட முடியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றம். 2008இல் ‘சமார்’ என்ற வட இந்தியப் பட்டியல் சாதிப் பெயர் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது, வேர்ப்பொருளைப் பார்க்காதே, இன்றைய வழக்கில் அது எப்படிப் பயன்படுகிறது என்று பார் என்று. 2024இல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல் சமயத்தில் ஒரு பாட்டில் இந்தச் சொல் வந்து பெரிய சர்ச்சையானது. அப்போது மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையமும் இதைத் தவிர்க்கச் சொல்லி அறிக்கை விட்டது.

ஆச்சி அடுப்படியில் சொந்தப் பேரனைத் திட்டியதற்கு வழக்கு வராது. கதைக்கும் வராது என்றே நினைக்கிறேன். பயப்படாதீர்கள்.

தாமிரபரணி:
பார்த்தீர்களா, நீதிமன்றமே இன்றைய வழக்கைப் பார் என்கிறது! அதைத்தானே நானும் சொல்கிறேன். அப்புறம் கந்த சஷ்டி கவசத்தில் ‘சண்டாளர்களும்’ என்று வருகிறதே? செவ்வாய்க்கிழமை தவறாமல் ஒலிபெருக்கியில் ஓடுகிறது. அதை யார் அடிப்பது?

கிழக்குத்தெரு:
நல்ல வேளை, நீங்களே எடுத்தீர்கள். அந்த இடத்தில் யார் யாரோடு வருகிறார்கள் என்று பாருங்கள். பேய்கள், அப்புறம் சண்டாளர்கள். என் பெயரைச் சொன்னதும் இடி விழுந்து ஓட வேண்டிய பட்டியல் அது. என் அம்மாவும் தினம் படிக்கிறாள். அந்த வரி வந்தால் நிறுத்துவதில்லை, முருகன் மேல் அவ்வளவு பக்தி. ‘அது நம்மளச் சொல்லல’ என்பாள். அப்படிச் சமாளிக்க வேண்டிய நிலை அவளுக்கு இருக்கிறது, உங்கள் ஆச்சிக்கு இல்லை. ஆச்சி தன்னைச் சண்டாளி என்று சொல்லி அழலாம். காரியம் முடிந்ததும் மறுபடியும் ஆச்சிதான்.

சொல்லேர்:
வங்காளத்தில் இதே பெயரை அரசு ஏடுகளில் சுமந்த மக்கள், ‘எங்களை அப்படி எழுதாதே’ என்று பல ஆண்டுகள் போராடி, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நமசூத்திரர் என்று மாற்ற வைத்தார்கள். பிற்பாடு பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சரான ஜோகேந்திரநாத் மண்டல் அந்தச் சமூகம்தான். பெயர் வெறும் பெயர் என்றால் எதற்கு இத்தனை பாடு?

கரிசல்காடு:
அதற்காகப் பழைய பேச்சையெல்லாம் துடைத்துவிட்டால் நாளைக்குக் கதையில் ஆச்சிகள் செய்தி வாசிப்பார்கள். இப்படிப் பேசினார்கள் என்று பதிவாவது மிஞ்ச வேண்டாமா?

கிழக்குத்தெரு:
பதிவு செய்யுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கதையில் பாசமாகக் கொஞ்சுவது போலத்தானே வருகிறது. அதே ஆச்சி அதே சொல்லை வாசலில் நிற்கிற எங்கள் தாத்தாவிடம் எப்படிச் சொல்லியிருப்பாள் என்று அடுத்த பத்தியில் எழுதுங்கள், நான் கைதட்டுகிறேன். முடியாது என்றால் உங்கள் ஊரில் திட்டுக்கா பஞ்சம்? ‘பேதியில போவான்’ இருக்கிறதே. வயிற்றுப்போக்குக்குச் சாதி கிடையாது.

தாமிரபரணி:
பால் சொம்பைக் கவிழ்த்த பிள்ளையை எங்கள் ஆச்சி ‘பேதியில போவான்’ என்று சொல்ல மாட்டாள். அது பக்கத்து வீட்டுக்காரனுக்கு. இரண்டும் ஒரே எடை இல்லை.

வாசல் பத்தியை எழுதிப் பார்க்கிறேன். கதை வேறு கதையாகிவிடும் போலிருக்கிறது.