நிறுத்தி வைத்திருந்த காரைத் தண்ணீர் லாரி இடித்துவிட்டது: காப்பீட்டில் கேட்பதா, லாரி உரிமையாளரிடம் வாங்குவதா?

மடிப்பாக்கம் வாசி:

அனைவருக்கும் வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் வசிக்கிறோம். வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் இல்லாததால், தெருவின் இடப்பக்கம் மதில் சுவரை ஒட்டி நிறுத்துவது வழக்கம். முந்தாநாள் விடியற்காலையில், எதிர் வீட்டுக்குத் தண்ணீர் இறக்க வந்த தனியார் டேங்கர் லாரி பின்னோக்கி வரும்போது, காரின் வலப்பக்கப் பின் கதவை நசுக்கி, பின் பம்பரின் ஒரு முனையையும் பெயர்த்துவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அடுத்த குடியிருப்பின் காவலாளி லாரியின் எண்ணையும், டேங்கரில் எழுதியிருந்த கைப்பேசி எண்ணையும் குறித்து வைத்திருந்தார்.

லாரியின் உரிமையாளரை அழைத்தபோது, "தெருவில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், ஐயாயிரம் தருகிறேன், பேப்பரில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்றார். ஒர்க்‌ஷாப்பில் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட் 38,000 ரூபாய். கார் வாங்கி நாலரை ஆண்டுகள் ஆகின்றன, 1197 சிசி. முழுக் காப்பீடு இருக்கிறது, ஆனால் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் என்ற கூடுதல் திட்டம் எடுக்கவில்லை. இதுவரை கிளெய்ம் செய்ததில்லை என்பதால் இப்போது 45 விழுக்காடு நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கிறது. தவறு முழுவதும் லாரியினுடையது என்னும்போதும் என் போனஸ் போய்விடுமா? லாரியின் காப்பீட்டிலிருந்து பணம் பெற வழி உண்டா? காவல் நிலையத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

ஓய்வுபெற்ற சர்வேயர் (காப்பீட்டுச் சேத மதிப்பீட்டாளர்):

முதலில் போனஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிளெய்ம் வாங்கினால், தவறு யாருடையதாக இருந்தாலும் போனஸ் போய்விடும். போனஸைக் காக்கும் கூடுதல் திட்டத்தை பாலிசியுடன் சேர்த்து எடுத்திருந்தால் மட்டும் தப்பிக்கலாம். ஆனால் "போனஸ் போய்விடும்" என்று பயந்தே பலர் கிளெய்ம் செய்யாமல் கைக்காசைச் செலவழிக்கிறார்கள், அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

போனஸ் என்பது சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும் கிடைக்கும் கழிவு, பிறருக்கு நேரும் இழப்புக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தில் கிடையாது. 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஆண்டுக்கு ஆண்டு ஏறும். நீங்கள் கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த புதுப்பிப்பில் 50 கிடைக்கும், செய்தால் சுழியத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். ஆக, முதல் ஆண்டில் 50, பிறகு 30, 25, 15, 5 என்று ஐந்து புதுப்பிப்புகளில் மொத்தம் 125 விழுக்காடு இழக்கிறீர்கள். கழிவுக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இழப்பு ஏறத்தாழ 10,000 ரூபாய். காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இனி, 38,000-த்தில் கம்பெனி எவ்வளவு தரும் என்று பார்ப்போம். கதவு 14,000, பம்பரும் மற்ற பிளாஸ்டிக் பொருள்களும் 9,000, பெயின்டிங் 8,000, டிங்கரிங் கூலி 7,000 என்று இருப்பதாகக் கொள்வோம். நான்கு ஆண்டு கடந்து ஐந்து முடியாத காருக்கு உலோகப் பாகத்தில் தேய்மானம் 35 விழுக்காடு, அதாவது 4,900. பிளாஸ்டிக்குக்கு வயது வேறுபாடே இல்லாமல் 50 விழுக்காடு, 4,500. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பெயின்ட்டின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,000. கூலிக்குக் கழிவு இல்லை. ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1500 சிசி வரையிலான காருக்கு 1,000. ஆக உங்கள் கையிலிருந்து 11,400, கம்பெனி தருவது 26,600. போனஸ் இழப்பைக் கழித்தாலும் பதினாறாயிரத்துக்கு மேல் மிஞ்சும். கிளெய்ம் செய்வதே சரி. இதே இடத்தில் பம்பரில் கீறல், எஸ்டிமேட் 12,000 என்று வந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

இன்றே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் முன் கதவைக் கழற்ற விடாதீர்கள். கிளெய்ம் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். "தூணில் இடித்துக்கொண்டேன் என்று எழுதினால் சீக்கிரம் முடியும்" என்று ஒர்க்‌ஷாப்பில் யோசனை சொல்வார்கள். கதவில் லாரியின் பெயின்ட் ஒட்டியிருக்கும்போது தூண் கதையை எந்தச் சர்வேயரும் நம்பமாட்டார்.

தெருமுனைக் கடைக்காரர்:

என் கடையின் கேமராப் பதிவைக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் பதிவு அழிந்த பிறகுதான் வருகிறார்கள். டி.வி.ஆர். பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சில கடைகளில் ஒரு வாரம் கூடத் தங்காது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன், தெருவில் எந்தெந்த வீட்டிலும் கடையிலும் கேமரா இருக்கிறது என்று பார்த்துப் பதிவைப் பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். திரையைக் கைப்பேசியில் படமெடுத்தால் எண் பலகை தெரியாது. பெட்டியின் கடிகாரம் பத்து நிமிடம் முன்பின்னாக ஓடுவது சாதாரணம் என்பதால், அந்த வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரைக் கழுவாமல், நசுங்கிய இடத்தை அருகிலும் தள்ளியும் படமெடுங்கள். தரையிலிருந்து அந்த இடம் எத்தனை அங்குல உயரம் என்பது தெரிய, டேப்பைப் பிடித்து ஒரு படம். டேங்கரின் பின்புற ஏணியோ வால்வுக் குழாயோ அதே உயரத்தில் இருந்தால், "என் லாரி இல்லை" என்று பிறகு மறுப்பது கடினம். காவலாளியிடம் பார்த்ததை இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், காவலாளிகள் அடிக்கடி மாறிவிடுகிறார்கள்.

வழக்குரைஞர் ஒருவர்:

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 134-ஆம் பிரிவின்படி, பிறருடைய சொத்துக்குச் சேதம் ஏற்படுத்திய ஓட்டுநர், சம்பவ இடத்தில் காவலர் இல்லையெனில் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் 187-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே புகார் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் உடனே எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவுக்கு, பொது வழியில் மனித உயிருக்கு ஆபத்தோ காயமோ விளையும் அளவு அசட்டையாக ஓட்டியிருக்க வேண்டும். 324-ஆம் பிரிவுக்கு, சேதம் விளைவிக்கும் எண்ணமோ, விளையும் என்ற அறிவோ இருக்க வேண்டும். பின்னோக்கி வந்து தெரியாமல் இடித்தது இரண்டிலும் எளிதில் அடங்காது. பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள், அதுவே உங்களுக்குப் போதுமான ஆவணம். சென்னையில் வாகன விபத்துகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு விசாரிப்பதால், உங்கள் பகுதிக்கு உரிய பிரிவு எது என்று காவல் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

லாரியின் காப்பீட்டிலிருந்து நேரடியாகப் பணம் கேட்க, மோட்டார் வாகன விபத்துக் கோருரிமைத் தீர்ப்பாயத்தில் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் சேர்த்து 166-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். வணிக வாகனப் பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். சில உரிமையாளர்கள் பிரீமியத்தை மிச்சப்படுத்த அதை 6,000 ரூபாயாகக் குறைத்து வைத்திருப்பார்கள், அப்போது மீதிக்கு உரிமையாளரே பொறுப்பு. வழி இருக்கிறது என்றாலும், 38,000 ரூபாய்க்காக ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதை நான் என் கட்சிக்காரர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை.

கையெழுத்து விஷயத்தில்தான் கவனம் தேவை. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஐயாயிரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், உங்களுக்குத் தந்த தொகையை லாரிக்காரரிடமிருந்து வசூலிக்கும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுத்தவராவீர்கள். அதைக் காரணம் காட்டி உங்கள் கிளெய்மை அவர்கள் மறுக்க இடமுண்டு. தெருவில் நிறுத்தியதால் இடிக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிறுத்தக் கூடாத இடமாக இருந்திருந்தால் உங்கள் பங்கு என்று கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவே.

வேளச்சேரி ஒர்க்‌ஷாப்:

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வரும் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை பேசித்தான் முடிகின்றன. சி.எஸ்.ஆர். ரசீதையும் கேமராப் பதிவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறுபடி பேசிப் பாருங்கள். ஐயாயிரம் என்றவர் இருபதாயிரம் என்பார், ஏனெனில் லாரி காவல் நிலையத்தில் ஒரு நாள் நின்றால் அவருக்குப் போகும் சவாரிகள் அதைவிடப் பெரியவை. பணத்தைக் கையில் வாங்காமல் ஒர்க்‌ஷாப் பில்லுக்கே நேராகக் கட்டச் சொல்லுங்கள். அத்துடன், கதவை மாற்றியே ஆக வேண்டுமா என்று வேறொரு டிங்கரிடமும் காட்டுங்கள். கதவின் உள்சட்டமும் கீலும் வளையாமல் வெளித்தகடு மட்டும் நசுங்கியிருந்தால், இழுத்துச் சரிசெய்து பெயின்ட் அடிக்கலாம். எஸ்டிமேட் வெகுவாகக் குறையும், அப்போது சர்வேயர் ஐயா போட்ட கணக்கே மாறிவிடும்.

மடிப்பாக்கம் வாசி:

அனைவருக்கும் நன்றி. கேமராப் பதிவு கிடைத்துவிட்டது, எண் தெளிவாகத் தெரிகிறது. வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாஹன் செயலியில் லாரியின் எண்ணைப் போட்டுப் பார்த்தால், காப்பீடு இரண்டு மாதம் முன்பே முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. கதவின் உள்சட்டம் வளைந்திருப்பதால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இரண்டாவது டிங்கரும் சொல்லிவிட்டார். இந்த நிலையில் என்ன செய்வது?

வழக்குரைஞர் ஒருவர்:

செயலியில் புதுப்பித்த விவரம் ஏறத் தாமதமாவதும் உண்டு, எனவே பாலிசியின் நகலை உரிமையாளரிடமே எழுத்தில் கேளுங்கள். உண்மையிலேயே காப்பீடு இல்லையென்றால், 196-ஆம் பிரிவின்படி அதுவே தனிக் குற்றம். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. இதைப் புகாரில் தனிப் பத்தியாகச் சேர்த்து, செயலியின் திரைப் படத்தையும் இணைத்துவிடுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போனாலும் அவர் சொந்தப் பணத்திலிருந்துதான் தர வேண்டியிருக்கும் என்பதால், உங்கள் பாலிசியில் கிளெய்ம் செய்து காரைச் சரிசெய்துகொள்ளுங்கள். கம்பெனி தராத 11,400 ரூபாயையும் போனஸ் இழப்பையும் மட்டும் கணக்கிட்டு, பதிவு அஞ்சலில் லாரி உரிமையாளருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அந்தத் தொகையைத் தந்தால், எதற்காக எவ்வளவு பெற்றீர்கள் என்று ரசீதில் குறிப்பிட்டே கையெழுத்திடுங்கள். கிளெய்மில் கிடைத்த தொகையை அவரிடமும் மறுபடி கேட்க முடியாது.