'ரீமேக்' ஆட்டங்களுக்கு 'மறுதாம்பு' சரிவருமா?

அன்புள்ள வீடியோ ஆட்டக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

"போர்ட், ரீமேக் இரண்டுக்கும் மறுஆக்கம் என்ற ஒரே சொல் போதும், ஆடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்" என்று குழுவில் ஒரு ஐயா எழுதியிருந்தார். ஒன்றில்லை ஐயா. ஓர் ஆட்டத்தை அசல் மாறாமல் வேறு கருவிக்குக் கொண்டுபோவது போர்ட், அசலை வைத்துப் புதிதாகச் செய்வது ரீமேக். ஸ்பேஸ் இன்வேடர்ஸை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

1978இல் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஆட்டம் அது, மேலிருந்து இறங்கிவரும் வேற்றுக்கோள் படையைக் கீழிருந்து சுட வேண்டும். காசு போட்டு ஆடும் பெட்டி, உயரவாக்கில் நிற்கும் கறுப்பு வெள்ளைத் திரை, நிறத்துக்குக் கண்ணாடித்தாள் பட்டைகள், உள்ளே இன்டெல் 8080 என்ற சில்லு. 5 வரிசை, வரிசைக்கு 11 பேர், மொத்தம் 55 எதிரிகள். திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம்; அந்தச் சில்லு ஒரு சட்டகத்துக்கு ஒரே ஒரு எதிரியைத்தான் நகர்த்தும், நொடிக்கு 60 சட்டகம் என்றால் படை முழுக்க ஒரு அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடும். நாம் சுடச் சுட ஆள் குறையும், மிச்சமிருப்பவர்களுக்கு முறை சீக்கிரம் வரும், கடைசியில் ஒருவன் மட்டும் நிற்கும்போது பிடிக்கவே முடியாமல் ஓடுவான். நிஷிகாடோ இதைக் கவனித்து அப்படியே விட்டுவைத்தார். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்தது இதுதான்.

இதைக் கையடக்கக் கருவிக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம்பாயின் திரை 160×144 புள்ளிகள். அசலில் ஒவ்வொரு எதிரிக்கும் அகலவாக்கில் 16 புள்ளி இடம், அப்படியானால் 11 பேருக்கு 176. படையே திரைக்குள் அடங்காது, நடக்க இடம் எங்கே? உருவத்தைச் சுருக்க வேண்டும், இல்லை நெருக்கி நிறுத்த வேண்டும். அப்புறம் உயரம். அசலில் நம் குண்டு ஒன்று திரையில் பறந்துகொண்டிருக்கும்வரை அடுத்ததைச் சுட முடியாது, குறி தப்பினால் அது உச்சிக்குப் போய் மறையும்வரை கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான். திரை குட்டையானால் அந்தக் காத்திருப்பும் குறையும், தவறுக்கான தண்டனை லேசாகிவிடும். சில்லு வேகமானதாக இருந்தாலோ 55 பேரையும் ஒரே மூச்சில் நகர்த்திவிடும், தானாக வந்த அந்த வேகமாற்றத்தை நிரலில் தனியாக எழுதித்தான் கொண்டுவர வேண்டும். இத்தனை வேலையும் அசலைப் போலவே இருக்கச் செய்வதற்குத்தான். போர்ட் என்கிற இதற்குப் பெயர்த்தாக்கம் என்று வைக்கலாம்.

2008இல் நின்டெண்டோ டிஎஸ், பிஎஸ்பி என்ற இரண்டு கையடக்கக் கருவிகளுக்கும் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எக்ஸ்ட்ரீம் வேறு சங்கதி, அது ரீமேக். படை பக்கவாட்டில் நடப்பதும் ஓரம் தொட்டால் ஒரு படி இறங்குவதும் அசலேதான். மற்றபடி ஒரே நிறத்து எதிரிகள் நால்வரைத் தொடர்ந்து வீழ்த்தினால் புது ஆயுதம், கட்டத்தின் முடிவில் பெரிய எதிரி, சுடும் ஓசையே இசையோடு இணைந்து ஒலிக்கும். அசலைப் போல இருப்பது அதன் நோக்கமே இல்லை.

எங்கள் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டியபின் அடிக்கட்டை மறுபடி துளிர்த்து வரும் பயிரை மறுதாம்பு என்பார்கள். வேர் பழையது, தண்டு புதியது. ரீமேக்குக்கு மறுதாம்பு என்றே வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

– கடலூரிலிருந்து

---

வணக்கம் அண்ணா.

பெயர்த்தாக்கம் அருமை, எனக்கு முழுச் சம்மதம். மறுதாம்பில்தான் தயக்கம். பாகூரில் கரும்பு வைத்திருக்கும் என் மாமாவிடம் கேட்டேன், மறுதாம்பு போகப் போக விளைச்சல் குறையும் என்றார். அப்படியானால் ரீமேக் எல்லாம் அசலைவிட மட்டம் என்று சொல்லே தீர்ப்பெழுதிவிடாதா? எக்ஸ்ட்ரீம் அப்படி மட்டமான ஆட்டமும் இல்லை. மீள்வார்ப்பு என்றால் என்ன?

– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

---

தங்கைக்கு,

மாமா சொன்னது சரி, அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டு வரத்தான் செய்யும். ஆனால் மீள்வார்ப்பு வேண்டாம். அச்சு மாறாமல் மறுபடி ஊற்றுவதுதான் வார்ப்பு, அது பெயர்த்தாக்கத்துக்கே பொருந்தும். போதாததற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் வார்ப்புரு என்ற சொல் டெம்ப்ளேட் என்ற வேறு பொருளில் புழங்குகிறது.

வேர் என்ற கருத்தை விட எனக்கு மனமில்லை. மறுதளிர்ப்பு எப்படி? விளைச்சல் கணக்கு இதில் இல்லை, வயல் பார்க்காத பிள்ளைக்கும் புரியும். 'மறுதளிர்ப்பு ஆட்டம்', 'இது 2008இல் மறுதளிர்த்தது' என்று பெயராகவும் வினையாகவும் வருகிறது. மறுதாம்புக்கு அந்த வசதி இல்லை.

யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் பெயர்த்தாக்கம், மறுதளிர்ப்பு இரண்டையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அசல் நிரலையே வேறு கருவியில் ஓடவைக்கும் எமுலேட்டருக்கு இன்னும் சொல் இல்லை, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

– கடலூரிலிருந்து