மறு: பஸ்தீட்டுக்குத் தமிழ்ல என்ன? "கோட்டைக் கிராமம்" வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம், பஸ்தீட், கஸ்தெல்நோ, சிர்க்குலாட்னு பிரான்ஸ்ல இருக்க மூணு வகை இடைக்கால ஊருக்குத் தமிழ்ச் சொல் தேடுறோமே, அதப் பத்தித்தான் இது. இதுல பஸ்தீட்ங்கறது சாசனம் எழுதிக் குடுத்து, திட்டம் போட்டுப் புதுசா உண்டாக்குன ஊரு.

> பஸ்தீட், கஸ்தெல்நோ, சிர்க்குலாட் எல்லாத்துக்கும் "கோட்டைக் கிராமம்"னே போட்டுடலாம், படிக்கிறவங்களுக்கு சட்டுனு புரியும்.

ஐயா, சட்டுனு புரியும்தான், ஆனா தப்பா புரியும். போர்தோ பக்கம் ஒயின் ஊருங்களப் பத்தி தமிழ்ல எழுதறவங்க எல்லாம் பழைய கல்லு, பழைய வாசல் பாத்த உடனே கோட்டைனு எழுதிடறாங்க, அதனால அந்த ஊரு எதுக்காக உண்டாச்சுங்கற விஷயமே காணாம போயிடுது.

பஸ்தீட்டுக்கு உயிர் மதில் இல்ல. அந்தச் சொல்லே தென் பிரான்ஸோட பழைய மொழியான ஒக்ஸித்தான்ல "கட்டு"ங்கற வினைலேர்ந்து வந்தது. தென்மேற்கு பிரான்ஸ்ல 13ஆம் நூற்றாண்டுலேர்ந்து 14ஆம் நூற்றாண்டு வரைக்கும் நூத்துக்கணக்குல இந்த ஊருங்க எழும்புச்சு. துலூஸ் பிரபு ஏழாம் ரேமோன் 1222ல கோர்ட் ஊர ஆரம்பிச்சார், பிரெஞ்சு ராஜாவோட தம்பி அல்ஃபோன்ஸ் 1255ல சேந்த்-ஃபுவா, இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் 1281ல சோவ்தேர்-த-கியேன். (போர்தோ சுத்துவட்டாரம் அப்போ இங்கிலாந்து ராஜா கையில, 1453 கஸ்தியோன் போர் வரைக்கும்.) லிபூர்ன் 1270ல வந்தது, ரோஜர் லேபர்ன்ங்கற இங்கிலீஷ் அதிகாரியோட பேர்தான் ஊர் பேரு, அங்கேர்ந்துதான் ஒயின் பீப்பாய் ஆத்து வழியா போச்சு.

எப்படி உண்டாக்குனாங்கனு பாருங்க. நிலம் வச்சிருக்கவர், அது பல சமயம் ஒரு மடமா இருக்கும், ராஜாவோட பங்கு ஒப்பந்தம் போடுவாங்க, அப்பறம் ஒரு சாசனம் எழுதி, வந்து குடியேறுறவங்களுக்கு வீட்டுமனை, காய்கறி போட கொஞ்சம் இடம், வெளியில வெள்ளாமைக்கோ திராட்சைக்கோ நிலம், வரில சலுகை, வாரச்சந்தை எந்தக் கிழமைங்கறது வரைக்கும் எழுதிக் குடுத்துடுவாங்க. தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா, நடுவுல சதுக்கம், சதுக்கத்த சுத்தி வளைவு வச்ச தாழ்வாரம். 1284ல ஆரம்பிச்ச மோன்பாசியேல இன்னிக்கும் இதெல்லாம் அப்படியே நிக்குது. பல ஊருக்கு ஆரம்பத்துல மதிலே இல்ல, சண்டை முத்துனப்பறம்தான் சுத்தி எழுப்புனாங்க. சோவ்தேர்ல மதில் போயிடுச்சு, நாலு வாசல் மட்டும் நிக்குது, ஆனா சதுக்கமும் தெருவும் மாறல. அப்போ மதில வச்சு அந்த ஊருக்குப் பேர் வைக்கிறது நியாயமா?

அதனால என்னோட பரிந்துரை சாசனப்பேட்டை.

> பேட்டைனா சென்னைல ஏரியா மாதிரி இருக்கே, இடைக்கால வாசனையே இல்லையே

அக்கா, பேட்டைங்கறது நம்மகிட்ட சந்தையும் தொழிலும் வளரணும்னு ஆள்றவங்க ஆளக் கொண்டுவந்து குடியமர்த்துன ஊரு. 1734ல நெசவாளருக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி உண்டாக்குன சின்னதறிப்பேட்டை அதுக்கு நல்ல உதாரணம். பின்னாடி தொழிற்பேட்டைனு ஒரு சொல் உண்டாக்குனாங்க, மனை பிரிச்சு, சலுகை குடுத்து, வாங்கனு கூப்பிடற இடம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கல. பஸ்தீட்டும் இதே வேலைதான், 700 வருஷம் முன்னாடி. வாசனைக்காக எயிலூர், குறும்புனு கோட்டைக்கு இருக்க சங்கச் சொல்லுக்குப் போக வேண்டாம்னு நினைக்கிறேன், எயில்னா திரும்ப மதில்தான் வந்து நிக்கும், குறும்புக்கு இன்னிக்கு யாரும் அரண்னு பொருள் எடுக்க மாட்டாங்க.

மத்ததுக்கு வேகமா சொல்லிடறேன். கஸ்தெல்நோ, அதாவது பிரபுவோட கோட்டைக்குக் கீழ அண்டி வளந்த ஊரு, அதுக்குக் கோட்டையடி. மலையடி, ஆலடினு நம்ம ஊர்ப் பேர்லயே இருக்க அமைப்பு. சிர்க்குலாட்டுக்கு வளையூர், ஓத் மாவட்டத்துல ப்ராம் ஊரு கோயில நடுவுல வச்சு வட்டம் வட்டமா போகுது, மேலேர்ந்து எடுத்த படத்தப் பாத்தா இந்தச் சொல் ஏன்னு கேக்கவே மாட்டீங்க. பிரெஞ்சுலயே சிர்க்குலாட் ரொம்பப் பிந்தி, 20ஆம் நூற்றாண்டு கடைசில உண்டாக்குன சொல்லு, அதனால நாமளும் தைரியமா புதுசா செய்யலாம். அல்சாஸ்ல ரிக்வீர் மாதிரி, 1291ல கட்டுன தோல்தேர் வாசல் கோபுரமும் சுத்துமதிலும் வச்சிருக்க ஒயின் ஊருக்கு மதிலூர். மதில் ஊருக்கு மதில் பேரு, இங்கதான் அது பொருந்துது. அந்தக் கோட்டைக் கிராமத்த ஆசைப்பட்டா இதுக்கு மாத்துச் சொல்லா வச்சுக்கலாம் ஐயா.

ஷாத்தோ, அதாவது பிரெஞ்சுல கோட்டைக்கும் மாளிகைக்கும் சொல்ற சொல்லு, அதப் பத்தி தனியா ஒரு வேண்டுகோள். கொர்பியேர் மலைல பெய்ர்பெர்த்யூஸ், கேரிபூஸ் மாதிரி உச்சிப்பாறை மேல இருக்கறத தாராளமா கோட்டைனு எழுதுங்க, பிரான்ஸும் அரகோன் ராஜ்ஜியமும் போட்ட 1258 கோர்பெய் ஒப்பந்தத்துக்கு அப்பறம் அந்த எல்லையக் காத்த நிஜக் கோட்டைங்க அது. ஷாத்தோநெஃப்-து-பாப் ஊர்லயும் போப் 22ஆம் ஜான் கட்டுன கோட்டையோட சுவர் நிக்குது, பேருக்கே அர்த்தம் புதுக்கோட்டைதான். ஆனா போர்தோ பாட்டில் லேபிள்ல வர ஷாத்தோ ஒரு திராட்சைப் பண்ணை, அவ்வளவுதான், அங்க சாதாரண வீடும் கிடங்கும்தான் பல இடத்துல இருக்கு. போர்தோ ஒயினுங்களத் தரம் பிரிச்ச 1855 பட்டியல மொழிபெயர்க்கறப்ப வரிக்கு வரி கோட்டைனு போட்டா படிக்கிறவங்க அகழிய தேடுவாங்க. அங்க ஷாத்தோன்னே விட்டுடலாம், முதல் தடவை வரப்ப மட்டும் பண்ணைனு ஒரு வார்த்தை விளக்கம் சேத்துடலாம்.

சாசனப்பேட்டைல எனக்கே ஒரு இடம் உறுத்துது, சாசனம் வடசொல். கல்வெட்டு படிக்கிற நண்பர்கள் யாராவது குடியேறுறவங்களுக்கு உரிமை எழுதிக் குடுக்கற ஆவணத்துக்கு வேற நல்ல சொல் பாத்திருந்தா சொல்லுங்க, முறினா ஆவணம்ங்கறதால முறிப்பேட்டைனு யோசிச்சுப் பாத்தேன், ஆனா முறினா உடைனு எடுத்துக்குவாங்கனு விட்டுட்டேன். பேட்டைய மட்டும் விட்டுக் குடுக்க மனசு வரல.